ஒரே நம்பரில் ஒரு தெரு

என் கணினியில் ஒரு நோயாளி இருந்தார். அவருக்கு வயது பத்தொன்பது, அறுபத்தொன்றும் அவருக்குத்தான். ஒரே மாதத்தில் இரண்டு முறை பிள்ளை பெற்றிருந்தார். நடுவில் ஆண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோய்க்கு மாத்திரை வாங்கியிருந்தார். நான்கு தொழிற்சாலைகளில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார். உலகத்தில் என்னென்ன ரத்த வகை உண்டோ அத்தனையும் அவர் உடம்பில் ஓடியது. முதலில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது, ஏனென்றால் அந்த ஆளை உருவாக்கியது எங்கள் மென்பொருள், அதை ஓட்டியது நான்.

எனக்கு வேலை திருவள்ளூரில். நீதிமன்றத்துக்குப் போகும் சாலையில், கீழே ஜெராக்ஸ் கடையும் பத்திரம் எழுதுகிறவரும் இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆய்வுத் திட்டம் நடந்தது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை பக்கம் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களுக்கு உடம்பில் எது முதலில் கெடுகிறது, கெட்டபின் எங்கே போய்க் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை ஏற்கெனவே மூன்று இடங்களில் இருந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கும் சுகாதார நிலையத்தின் பதிவு ஒன்று. தொழிற்சாலைகள் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மருத்துவப் பரிசோதனை இன்னொன்று. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நாங்களே நடத்திய முகாம் மூன்றாவது. மூன்றும் தனித்தனிக் கணினியில், தனித்தனி ஆட்களிடம், பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன. அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் என் உத்தியோகம்.

சேர்த்து வைக்க ஒரு பிடி வேண்டும். பெயர் உதவாது. ஒரு தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஒவ்வொரு கணினியிலும் அதை ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். செல் எண் அப்படியில்லை, ஆளுக்கு ஒன்று, பத்து இலக்கம், தப்ப வழியில்லை என்று நினைத்தோம். அதனால் முதல் சுற்றில் செல் எண்ணை வைத்து இணைத்தோம். எண்ணும் பெயரும் என் கண்ணில் படாது. ஆய்வுக்கு அவை தேவையில்லை என்பதால் குறியீடாக மாற்றித்தான் என்னிடம் வரும். அப்படி ஒரு குறியீட்டில் வந்து விழுந்தவர்தான் நான் சொன்ன அந்த அதிசயப் பிறவி. பிரித்துப் பார்த்தால் முப்பது சொச்சம் பேர். முப்பது பேருக்கும் ஒரே செல் எண்.

நான் கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவள். எனக்குக் குப்பை என்றால் குப்பை, கூட்டித் தள்ளிவிட வேண்டும். ஒரே எண்ணில் ஐந்து பேருக்கு மேல் வந்தால் அந்த எண்ணையே நீக்கிவிடுவது என்று ஒரு விதி எழுதி, டாக்டரிடம் காட்டினேன். எங்கள் திட்டத்தின் தலைவர் அவர். ஓய்வு பெறும் வயது கடந்தும் ஓய்வில் விருப்பமில்லாதவர், எதைச் சொன்னாலும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அந்த முப்பது பேர் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பார் என்றார்.

பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கும்மிடிப்பூண்டியில் ஒரே தெருவில் வாடகை அறைகளில் இருப்பவர்கள். இவர்களை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது சொந்தமாக நிலையான ஒரு போன் வைத்திருப்பவர்கள், அதாவது சூப்பர்வைசர்களும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களும். அவர்கள் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் நமக்குப் பணம் கொடுக்கவில்லையே என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்க்க அவருக்கு மட்டும் அனுமதி உண்டு. பார்த்துவிட்டு முகாமைக் கவனிக்கும் சிஸ்டரைக் கூப்பிட்டார். எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டர், "அந்த நம்பரா சார்?" என்றார்.

சிஸ்டர் சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் இரண்டும் போய்விட்டன. அந்த எண்ணில் பதிந்த பெண்களில் ஒருத்தியின் முகாம் முடிவு சரியில்லாமல் வந்திருந்தது. இப்போது பார்த்தால் சின்ன வைத்தியத்தோடு முடிந்துவிடும், விட்டுவிட்டால் சில வருடங்களில் புற்றுநோயாகலாம். விதிப்படி குறுஞ்செய்தி போயிருக்கிறது. பெண்ணின் அந்தரங்கம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்தச் செய்தியில் பெயர் இருக்காது, நோய் இருக்காது. பதிவு எண்ணும், மருத்துவரைப் பார்க்க வாருங்கள் என்பதும்தான் இருக்கும். யாரும் வரவில்லை. சிஸ்டர் போன் செய்திருக்கிறார். ஒரு பெண்மணி எடுத்து, ரொம்ப மரியாதையாக, சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மறுபடியும் யாரும் வரவில்லை. இப்படியே மாதங்கள் ஓடிவிட்டன.

பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே என்று சிஸ்டரிடம் பாய்ந்தேன். கேட்டேன் மேடம் என்றார் அவர், பாவமாக. முகாமில் பயன்படுத்திய டேப்லெட்டில் செல் எண்ணைப் போட்டதும், அந்த எண்ணில் முதலில் பதிந்தவரின் பெயரும் வயதும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் நெருக்கியடித்த அன்றைக்கு அதை அழித்து மாற்ற யாருக்கும் நேரமில்லை. அதனால் அந்தத் தெருவிலிருந்து வந்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் ஒரே பெயர், ஒரே வயது. போனை எடுத்த பெண்மணியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அது என் பெயர்தான், இங்கே எல்லார் சீட்டிலும் என் பெயர்தான் போட்டிருக்கிறார்கள், நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சிஸ்டருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. முகாமின்போது இருந்த சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டதால், யார் எந்தச் சீட்டு என்று நினைவு வைத்துச் சொல்லவும் ஆளில்லை.

எல்லாப் பெண்களையும் திரும்ப வரவழைத்துச் சோதித்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் பாதிப் பேர் வேறு கம்பெனிக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார்கள். அதில் அந்த ஒருத்தியும் இருந்தால்? அதற்கு முன்னால் நான் ஒன்று முயற்சி செய்கிறேன் என்றேன். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் இணைப்பு வேலை. அன்றிலிருந்து ஒரு முகம் தெரியாத பெண் என் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டாள், என்னால் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

பெயர் பொய், வயது பொய், செல் எண் முப்பது பேருக்குப் பொது. பொய் சொல்லாத ஏதாவது மூன்று கணினியிலும் இருக்கிறதா என்று தேடினேன். எடை ஏறி இறங்கும். ரத்த வகை இருந்தது, ஆனால் முகாமில் அதை எடுக்கவில்லை. கடைசியில் கிடைத்தது உயரம். முகாமில் அளந்திருந்தார்கள், தொழிற்சாலையில் அளந்திருந்தார்கள், சுகாதார நிலையத்தில் அளந்திருந்தார்கள். வளர்ந்து முடித்த பெண்ணின் உயரம் மாதத்துக்கு மாதம் மாறாது. அதோடு எத்தனை பிள்ளைகள், அறுவை சிகிச்சைத் தழும்பு உண்டா என்று முகாமில் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பிரித்தேன். என் அதிசய நோயாளி மெல்ல மெல்ல முப்பது மனிதர்களாகப் பிரிந்து எழுந்தார். இரண்டு பிள்ளைகளும் இரண்டு அம்மாக்களிடம் போய்ச் சேர்ந்தன. மாத்திரை ஒரு தாத்தாவிடம் போனது. என் வேலையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஆனால் வேண்டிய ஒருத்தி மட்டும் ஒட்டவில்லை. அந்தப் பதிவு எண்ணுக்குரிய பெண்ணின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். நம் பக்கத்தில் ஆண்களிலேயே அது நல்ல உயரம். அப்படி ஒரு பெண் எந்தத் தொழிற்சாலைப் பரிசோதனையிலும் இல்லை, சுகாதார நிலையத்திலும் இல்லை. முகாமுக்கு ஒருநாள் வந்து போனதோடு சரி. வடக்கேயிருந்து வேலைக்கு வந்து, சேர்ந்த கொஞ்ச நாளில் போய்விட்ட பெண்ணாக இருக்கும் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். சிஸ்டரும் ஒத்துக்கொண்டார். போன் எடுக்கும் பெண்மணி, தேர்வாய் கண்டிகைக்குப் போய்விட்ட ஒரு ஒடிசாப் பெண்ணைப் பற்றிக் கவலையாகச் சொன்னாராம். நேரில் போய் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிப்பது என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய் வேறு ரயில் மாறி, திரும்ப வடக்கே வர வேண்டும். எங்கள் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்க வரும் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பாதிப் பேர் வரும்போதே திட்டிக்கொண்டுதான் வருவார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம். பெரியபாளையத்தில் இறங்கி மாறியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சிஸ்டர் வழியெல்லாம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார், நான் அந்த உயரமான பெண்ணிடம் என்ன பாஷையில் பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

தெரு, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். இரண்டு பக்கமும் வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் தண்ணீர்க் குடங்கள். போன் எடுக்கும் பெண்மணி அங்கே மெஸ் நடத்துகிறார், எல்லாருக்கும் அக்கா. அவருடைய கணவர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தார், வாரம் ஒருமுறைதான் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தாழ்வான இடம். நாங்கள் உள்ளே போனபோது அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டார்.

"நீதானா அந்த போன் பண்ற சிஸ்டரு? வா வா. மொதல்ல ரெண்டு பேரும் நாஷ்டா துன்னுங்க. அப்பாலிக்கா பேசலாம்."

இட்லியும் கறிக்குழம்பும் வந்தன. மெஸ்ஸில் வேலை செய்யும் ஒரு பெண்தான் பரிமாறினாள், அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார். குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. வந்த காரியத்தை ஒரு நிமிடம் மறந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் அவருடைய போன் தொங்கியது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அது பலமுறை அடித்தது. ஒருமுறை கான்ட்ராக்டர், ஒருமுறை சுகாதார நிலையம், ஒருமுறை யாருடைய அம்மாவோ. ஒவ்வொரு தடவையும் கேட்டு வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். சேதி அறை அறையாகக் கைமாறிப் போய்ச் சேர்ந்தது.

ஏன் எல்லாரும் உங்கள் எண்ணையே கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். கம்பெனிக்குள்ளே போனை விட மாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார். சில பெண்களிடம் போனே கிடையாது. சிலர் மாதம் ஒரு சிம் மாற்றுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடும் நேரத்தில் இவர்கள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். அக்காவின் போன் மட்டும்தான் எப்போதும் அடிக்கும், எப்போதும் எடுக்கப்படும். அதனால் தெருவுக்குப் புதிதாகக் குடிவரும் பெண்ணுக்கு முதல் நாளே அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்களாம். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் நீக்கு என்று நான் எழுதிய விதியை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு சிஸ்டர் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்டார். அக்கா பூண்டைக் கீழே வைத்தார். செய்தி வந்த அன்றே முகாம் சீட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பெண்கள் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லாச் சீட்டையும் அவரே வாங்கி அப்பளக் கவரில் போட்டு வைத்திருந்தார். அந்த எண்ணுள்ள சீட்டும் இருந்தது, ஆனால் அதிலும் அவர் பெயர், மற்றதிலும் அவர் பெயர். எண்களும் வரிசையில் இல்லாததால் எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு, உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசியில் அவர் சந்தேகம் ஊரை விட்டுப் போன ஒருத்தியின் மேல் விழுந்தது.

"ஒரு ஒடிசாப் பொண்ணு இருந்துச்சிம்மா. மாசம் தவறாம வவுத்த வலின்னு சுருண்டுகினு கெடக்கும். அதுக்குத்தான்னு எனக்கு மனசுல பட்டுது. தேர்வாய் கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ புட்சிகினு போய் ஆஸ்டல் வாசல்ல நின்னேன். வாட்ச்மேன் உள்ள உட மாட்டேன்ட்டான். மறுக்கா போனேன். வேற கம்பெனிக்குப் பூட்ச்சின்றான். அது எங்க கெடந்து அவஸ்தப்படுதோ, எனக்குத் தூக்கமே இல்ல."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எப்படியும் அந்தப் பெண்ணைப் பிடித்துவிடலாம் என்று தைரியம் சொல்லிவிட்டு, அடையாளத்துக்காகக் கேட்டேன். "அந்தப் பொண்ணு நல்ல உயரமாக்கா?"

"ஒயரமா? அதா?" அழுகையோடே சிரித்துவிட்டார். காட்டுவதற்காக முக்காலியை விட்டு எழுந்தார். எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். தலை கூரையின் குறுக்குக் கம்பியில் முட்டாமலிருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். "இம்மாந்தான் இருக்கும். என் தோளுக்குக்கூட வராது."

என் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது. சிஸ்டரைப் பார்த்தேன். அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முகாமில் நீங்களும் சோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டேன். அக்கா அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

"நான் சும்மா தொணைக்கிப் போனவம்மா. இதுங்க ஒண்ணுகூட உள்ள போவாது. நான் மொதல்ல போய் வந்து, ஒண்ணியும் இல்ல, வலிக்காது, போங்கடின்னு சொன்னாதான் போவும். அதுக்கோசரம் நானும் குட்த்தேன்."

"அக்கா," என்றேன். "அந்தச் சேதி உங்களுக்கு வந்தது."

அவர் சிரித்தார். எனக்கு இன்னாம்மா, நான் கல்லு மாதிரி கீறேன் என்றார். நான் உயரத்தைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று அந்தப் பதிவில் இருந்ததைச் சொன்னேன், தழும்பைச் சொன்னேன். சிஸ்டர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு பூண்டை எடுத்துத் தோலை உரித்தார். பிறகு தலை நிமிர்ந்து, "அப்போ அந்தப் பொண்ணுக்கு ஒண்ணியும் இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், உங்கள் உடம்பு, மாதக்கணக்காக அந்தச் செய்தி உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். வயதில் பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான். ஆனால் அவருக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று அந்தக் கணத்தில் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை. மெஸ்ஸை யார் பார்ப்பது, ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்குச் சோறு யார் போடுவது என்று கேட்டார். அதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நாங்கள் ஆக்கிக்கொள்கிறோம், நீ போய் வா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நீ ஆக்கினால் யார் தின்பது என்று இன்னொருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரமே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சிஸ்டர் போதும், நான் போக வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் போனேன். ஒரு பதிவு எண்ணாக அத்தனை நாள் என் மேசையில் இருந்தவரை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வரிசையில் நின்றபோது அக்கா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தெருவில் அத்தனை பேரை அதட்டுகிறவர் அங்கே புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார். பதிவு செய்யும் இடத்தில் பெயர் கேட்டார்கள், சொன்னார். வயது கேட்டார்கள், சொன்னார். செல் எண் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் நம்பரச் சொல்லும்மா."

உங்களுடையதையே கொடுங்கள் அக்கா, அதுதானே சரி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"என் நம்பருக்கு வந்தா எவளுதோன்னு நெனச்சி மறுக்கா ஊரு பூரா தேடிக்கினு கெடப்பேன். உனுக்கு வந்தா அது எனுக்குத்தான்னு நீ சொல்லுவ."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்றார்கள். ஒருவர் எண்ணில் இன்னொருவர் பதிவதை ஒழிக்க வேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற நான், என் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்.

மேற்கொண்டு செய்த சோதனையில், மாற்றம் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, புற்றுநோய் ஆகவில்லை என்று தெரிந்தது. கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், அன்று சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஓரத்தில் எதுவும் மிச்சமில்லை என்று வந்துவிட்டால் கவலை விட்டது, முடிவு வர நாளாகும் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர்.

அந்த நாட்களில் நான் மற்ற வேலைகளை முடித்தேன். டாக்டர் சொன்னபடி, எங்கள் பதிவில் செல் எண் என்ற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்த்தோம்: இந்த எண் உங்களுடையதா, உங்களுக்குச் சேதி சொல்பவருடையதா? இப்படி ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. அந்த முப்பது பேரும் ஆய்வுக்குள்ளேயே இருந்தார்கள், தனித்தனியாக, அவரவர் வயதோடும் அவரவர் உயரத்தோடும். தானாகப் பெயர் நிரப்பும் வசதியை டேப்லெட்டிலிருந்து எடுத்துவிட்டோம். வேலை நன்றாகப் போனது. ஆனால் போன் ஒவ்வொரு முறை அதிரும்போதும் என் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது. கடன் கொடுக்கிறேன் என்று வரும் விளம்பரங்களையெல்லாம் அந்த நாட்களில் நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு முற்பகலில் செய்தி வந்தது. முடிவு தயார், தொடர்புகொள்ளவும் என்று மட்டும் இருந்தது. நான் உடனே சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துப் படியில் நின்றுகொண்டிருந்தேன். ஓரம் சுத்தமாக இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்திரம் எழுதுகிறவர் என்னம்மா என்று எட்டிப் பார்த்தார். நல்ல சேதி சார் என்றேன்.

உடனே அக்காவின் எண்ணை அடித்தேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். அக்கா பின்னால் பாத்திரம் கழுவுகிறார், என்ன சேதியென்று சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டாம்மா, அவரையே கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன் என்றேன். போனில் பாத்திரச் சத்தமும் குழம்பு கொதிக்கும் சத்தமும் கேட்டன. யாரோ யாரையோ தண்ணீருக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்காவின் குரல் வந்தது.

"சொல்லும்மா. யாருக்கு சேதி?"

"உங்களுக்குத்தான்க்கா."

அவருக்கென்று ஒரு செய்தி அந்தப் போனில் கடைசியாக எப்போது வந்ததோ, எனக்குத் தெரியாது.

"எனுக்கா," என்றார் மெல்ல. "இரு. அடுப்ப அணைச்சிட்டு வந்து கேக்கறேன்."